பவுனம்மாள் முழத்தில் ஒரு கப்பல்

செஞ்சி பஸ் நிலையத்தில் பூ விற்கும் பவுனம்மாளின் முழங்கையில் அரசாங்க முத்திரை குத்தப் போகிறார்கள் என்று இந்த ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு செய்தி கிளம்பியது. தராசுக்கும் படிக்கல்லுக்கும் குத்துகிறார்களே, அதே முத்திரை. காலையில் டீக்கடையில் செய்தி அவ்வளவுதான். பத்து மணிக்குள் காரணம் சேர்ந்துகொண்டது: அவள் முழம் குறைகிறதாம். பதினோரு மணிக்குச் சாட்சியும் சேர்ந்தது: கண்டுபிடித்தவர் அவள் புருஷனேதானாம், கண்டுபிடிப்பதற்காக ஒரு கப்பலே கட்டினாராம். மத்தியானம் மேல்மலையனூர் பஸ் புறப்படுவதற்குள், புருஷன் கோபித்துக்கொண்டு அந்தக் கப்பலில் ஏறியே போய்விட்டார்.

செஞ்சியிலிருந்து கப்பலேறிப் போவது அவ்வளவு சுலபமில்லை. கடல் கிழக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். இந்த ஊரில் இருப்பது மலையும் ஏரியும். கப்பலுக்கு இரண்டாலும் பிரயோஜனம் கிடையாது. ஆகவே செய்தியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று பட்டது. எங்கே என்று பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் போய் ஒரு முழம் மல்லி வாங்கினேன். வீட்டுக்கு வந்து தையல் டேப்பை வைத்துப் பார்த்தால் பதினெட்டு இஞ்ச். முழம் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்ட அளவு அதுதான். பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்று தெரிந்து தாராளமாக அளந்துவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. மறுநாள் வேலூர் பஸ் கண்டக்டர் ஒருவரை விட்டு வாங்கச் சொன்னேன். பதினேழே முக்கால். அதற்கு மறுநாள் முன்பின் தெரியாத ஒரு கல்லூரி மாணவியிடம் கெஞ்சி வாங்கிவரச் சொன்னேன். பதினெட்டரை. இந்த மூன்று முழம் பூவையும் என்ன செய்தேன் என்பது விசாரணைக்குத் தேவையில்லாத விவரம்.

பூ குறையவில்லை. அப்படியானால் செய்தி எங்கிருந்து முளைத்தது? பவுனம்மாளுக்கு நேர் எதிரே, கட்டணக் கழிப்பிடத்தின் பக்கத்தில் கூடை வைத்திருக்கும் குஞ்சம்மாளைக் கேட்டேன்.

"ஐய, நான் ஒண்ணும் சொல்லல நைனா," என்றாள் குஞ்சம்மாள். "எனக்கும் அவளுக்கும் இன்னா பகை? அவ வூட்டுக்காரன் கப்பல் சொல்லுது. கப்பலு பொய் சொல்லுமா?"

"கப்பல் எப்படிம்மா பேசும்?"

"அத்த என்ன ஏன் கேக்குற? என் மருமவ போட்டோக்குப் பிரேம் போட அவ புருஷன் கடைக்குப் போயிருந்தா. அவரு வாயாலயே சொன்னாராம், 'பவுனு முழம் ரெண்டர இஞ்ச் குறையுது'ன்னு. பெத்த புள்ளையப் பறிகொடுத்த மாதிரி தலையில அடிச்சுக்கிட்டு சொன்னாராம். சரி, உனக்கு எத்தினி முழம்?"

எனக்கு வேண்டாம் என்றேன். ஏற்கெனவே மூன்று முழம் இருந்தது.

அன்று ஆடி இரண்டாம் வெள்ளி. சாயங்காலம் ஏழு மணிக்குப் பூக்காரியின் கூடையில் வாழைநாரும் ஈரச்சாக்கும்தான் மிஞ்சியிருக்க வேண்டும். பவுனம்மாளின் கூடையில் பாதி மல்லி அப்படியே இருந்தது. மொட்டாக விற்க வேண்டியது விரிந்து, ஓரம் பழுத்து, வாசனையை ரோட்டுக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாக வருகிற டீச்சர்கள் இருவர் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்க்கூடைக்குப் போனார்கள். தினம் காலையில் பூ எடுக்கும் அம்மன் கோயிலிலிருந்து, "நாளைலேர்ந்து வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்று ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் பூ விற்கிறாள். பூக்காரிக்குத் தராசு கிடையாது, பில் கிடையாது, கடைக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. அவளுடைய கை சரியான கை என்று ஊர் நம்புகிறது, அதுதான் கடை. அந்த நம்பிக்கை போனால் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் விரிந்துபோன பூவைச் சாக்கில் கட்டினாள். "இன்னா சார் பாக்குற? உனக்கும் ஸ்கேல் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பலைப் பார்த்துவிடுவது என்று மறுநாள் திருவண்ணாமலை ரோட்டுக்குப் போனேன்.

இளவழகன் கண்ணாடி பிரேம் கடை எட்டடிக்குப் பத்தடி. இடது சுவர் முழுக்கச் சாமிகள், வலது சுவர் முழுக்கக் காலமானவர்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பீடிங் சட்டம், ஒரே கண்ணாடி. காலமானவர்களுக்குத் தேவையான மாலையைப் பவுனம்மாள் கட்டிக் கொடுத்துவிடுவாள்; ஆக, அவர் பிரேம் போட அவள் மாலை போட, இந்த வட்டாரத்தில் யார் போய்ச்சேர்ந்தாலும் குடும்பத்துக்கு வேலை உண்டு. நடுவில் ஒரு மேசை. மேசை மேல் கப்பல். கப்பலுக்கு முன்னால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பவுனம்மாளின் புருஷன் இளவழகன். அப்படி உட்காராதே, கப்பல் கவிழ்ந்துவிடும் என்பார்கள். இது கவிழவில்லை. ஆனால் பார்க்க ஏதோ ஒரு மாதிரியாக இருந்தது. உடம்பு சின்னது, பாய்மரம் மட்டும் தென்னைமர உயரம்.

"தப்பா இருக்குதுல்ல?" என்றார், நான் யார் என்று கேட்பதற்கு முன்பே.

ஐம்பத்தைந்து வயது. நடுவிரல் நுனியில் கண்ணாடி கிழித்த பழைய தழும்புகள். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். எந்த ஃபோட்டோ வந்தாலும் முதலில் அது நேராக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் யார் செத்தது என்று கேட்பார். அளவை இஞ்ச், நூல் என்று சொல்லுவார். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அரை நூல் பிசகினால் சட்டத்தைப் பிரித்துவிட்டு மறுபடி வெட்டுவார். வாடிக்கையாளர் 'பரவால்ல விடுங்க' என்றால் கோபம் வந்துவிடும். "உங்களுக்குப் பரவால்ல. செவுத்துல மாட்டி இருக்கறவருக்கு?" என்பார்.

கப்பல் பைத்தியம் பிடித்ததும் இந்த நூல் கணக்கால்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு கப்பல் படத்தைப் பிரேம் போடக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்க வரவேயில்லை. படம் கடையிலேயே தொங்கியது. தினம் பார்த்தார். ஒருநாள் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனார்.

"மூணு கயிறு சார். பாய்மரத்து உச்சியிலேர்ந்து கிளம்புது. எங்க கட்டியிருக்குதுன்னே தெரியல. வரைஞ்ச ஆளு மேகத்துல கட்டிட்டான்."

அந்த மூன்று கயிற்றையும் எங்கே கட்டுவது என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு பஸ் ஏறினார். அப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள். பீடிங் வெட்டி மிஞ்சிய தேக்குச் சில்லுகளைப் பலகையாக இழைத்தார். போதாததற்கு மரவாடி நூருல்லா பாய் துண்டுக்கட்டைகளைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். பழைய வேட்டி கப்பல் பாய் ஆனது. கயிறு மட்டும் எந்த நூலில் திரித்தாலும் பிசிறடித்தது. ஒருநாள் மாலை கொண்டுவந்த பவுனம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தன் மடியிலிருந்த வாழைநாரை நகத்தால் கீறினாள். ஒன்றை எட்டாக, எட்டைப் பதினாறாக. அன்றிலிருந்து அவர் கட்டிய நான்கு கப்பலுக்கும் கயிறு அவளுடையது, முடிச்சும் அவளுடையது. கனகாம்பரத்தைக் கட்டும் விரலுக்குக் கப்பல் முடிச்சு ஒரு வேலையா?

ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்: இருந்தது இருந்தபடி. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் வந்து, "பெரிய கப்பலா ஒண்ணு செய். மேல தேசிங்கு ராஜா குதிரையோட நிக்கணும். விழாவுல வைப்போம்" என்று கேட்டிருக்கிறார்.

"குதிரைக்குச் சாட்சி இருக்குதுங்க. கப்பலுக்கு இல்ல."

"இல்லன்றதுக்குச் சாட்சி இருக்குதா?"

"அதுவும் இல்லீங்க."

"அப்பறம் இன்னா? வையேன்."

"சாட்சி வரட்டும். வைக்கிறேன்."

வந்தவர் போய்விட்டார். சாட்சி இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர், இப்போது மேசையில் இருக்கும் ஐந்தாவது கப்பலில்தான் வழுக்கி விழுந்தார். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் கடலூர்க் கரையிலிருந்து இலங்கைக்குச் சரக்கு ஏற்றிப் போன பாய்மரத் தோணி. அந்தத் தோணிகளைக் கட்டிய குடும்பம் ஒன்றில் பழைய அளவு நோட்டு இருந்தது. கெஞ்சி ஜெராக்ஸ் எடுத்துவந்தார். அதில் கப்பலின் அடியில் நீளமாக ஓடும் அடிமரம் முப்பத்திரண்டு முழம் என்று இருந்தது. அகலமும் உயரமும் முழத்தில்தான். எத்தனை இஞ்ச் ஒரு முழம் என்று நோட்டில் இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். "முழம்னா முழந்தான் தம்பி, இதுல இன்னா டவுட்டு?" என்று வைத்துவிட்டார்.

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு முழம் ஒன்றரை அடி என்று போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இளவழகன் புத்தகத்தில் படித்ததை நம்புகிற ஜாதி இல்லை. முழத்துக்கு அத்தாரிட்டி யார்? முழத்திலேயே பிழைப்பு நடத்துகிறவர். அவரோ சொந்த வீட்டிலேயே இருக்கிறார். கூப்பிட்டார்.

"பவுனு, கைய இப்பிடி செவுத்துல வை."

"எதுக்குயா?"

"கப்பலுக்கு முழம் வேணும்."

அவள் முழங்கையைச் சுவரில் ஊன்றி நடுவிரலை நீட்டினாள். அவர் மேலும் கீழும் பென்சிலால் கோடு போட்டார். பதினைந்தரை இஞ்ச். அந்தக் கோடு இன்னும் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கிறது. அதை முப்பத்திரண்டால் பெருக்கி, நாற்பத்தெட்டால் வகுத்து, மூன்று வருஷம் இழைத்து, ஒட்டி, ஆணி அடித்துக் கப்பலை முடித்தார். நிஜக் கப்பலில் நாற்பத்தெட்டு அடிக்கு, பொம்மைக் கப்பலில் ஒரு அடி. அதுதான் அவருடைய கணக்கு. பாய்மரத்துக்கு மட்டும் துறைமுகத்துப் பழைய பதிவு ஒன்றின் நகல் கிடைத்தது. அது வெள்ளைக்காரன் பதிவு, அடிக்கணக்கு. அந்த அளவில் பாய்மரம் செய்து, ஆடி பிறந்த முதல் வாரத்தில் கப்பலில் நட்டார்.

பார்க்க வந்த நூருல்லா பாய் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா மச்சான், மாப்ள நெட்டையா இருக்காரு, பொண்ணு குட்டையா இருக்குது?"

இளவழகன் ஸ்கேலை எடுத்தார். பாய்மரம் சரி. அடிமரத்தை அளந்தார். முழம் பதினெட்டு இஞ்ச் என்றால் ஒரு அடி இருக்க வேண்டியது, பத்து இஞ்சும் கொஞ்சமும் இருந்தது. பதிமூன்று நூல் குறை. அரை நூலுக்குச் சட்டத்தைப் பிரிக்கிறவருக்குப் பதிமூன்று நூல்! சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். அளந்தார். அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். சுவரில் காலமானவர்கள் மட்டும் கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. குஞ்சம்மாளின் மருமகளும் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கப்பலப் பத்திதான் சார் சொன்னேன்," என்றார். "பூவப் பத்தி நெனைக்கவே இல்ல."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"சோறு வைக்கிறா. ஆனா தட்ட வைக்கிற சத்தம் மட்டுந்தான்."

நான் மூன்று முழம் பூ வாங்கி அளந்த கதையைச் சொன்னேன். பதினெட்டு, பதினேழே முக்கால், பதினெட்டரை. அவர் நம்பவில்லை. சுவர்க் கோட்டைக் காட்டினார். கோடு பதினைந்தரைதான். பூ பதினெட்டு. இரண்டும் ஒரே கை. கோடு சரியென்றால் ஊர் சொல்வது உண்மை. ஊர் சொல்வது பொய்யென்றால் மூன்று வருஷக் கப்பல் தப்பு. அவர் ஸ்கேலைக் கோட்டில் வைத்து மறுபடி அளந்தார். பிறகு கேட்ட கேள்விதான் இந்த விசாரணையிலேயே எனக்குப் பிடித்தது.

"அவ எப்பிடி சார் அளக்கறா?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் கூட அவர் தன் பெண்டாட்டியிடம் பூ வாங்கியதில்லை. எதற்கு வாங்க வேண்டும்? வீட்டுக்கு வருகிற பூ தானாக வரும். பஸ் நிலையத்துக்கு அவர் போவது கடலூர் பஸ் ஏற. அது விடியற்காலை, அவள் கூடை வைக்காத நேரம்.

மூன்றாம் வெள்ளி சாயங்காலம் கடையை மூடிவிட்டு, சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேலைச் செருகிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். பவுனம்மாளின் கூடைக்கு முன்னால் இரண்டே பேர். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவள் குனிந்து பூப்பந்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி?"

"ஒரு முழம்."

அவள் நிமிரவில்லை. பூச்சரத்தின் நுனியை நடுவிரலில் பிடித்து முழங்கை வரை இழுத்தாள். அங்கே நிறுத்தாமல், முழங்கையைத் தாண்டிக் கட்டைவிரல் நகர்ந்தது. மூன்று விரற்கடை. அங்கே கிள்ளினாள்.

"இரு, இரு. இப்ப இன்னா பண்ண?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "நீயா? இன்னா பண்ணேன்?"

"முழம் அளந்த. அப்பறம் கை நவுந்துச்சே."

"அது கொசுறு."

"எத்தினி நாளா குடுக்கற?"

"எத்தினி நாளான்னா? பூ விக்க வந்த நாள்லேர்ந்து. என் கை குட்டைன்னு எனக்குத் தெரியாதா? முழத்துக்கு மூணு வெரக்கடை சேத்துத்தான் கிள்ளுவேன். இந்த பஸ் ஸ்டாண்டுல எவளுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியலியே!"

"நீ எப்ப பூ வாங்குன?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இளவழகன் சிரிக்கவில்லை. "செவுத்துல கை வச்சியே, அன்னிக்கு ஏன் சொல்லல?"

"நீ முழந்தானய்யா கேட்ட? கப்பலுக்கு இன்னா கொசுறு? அது இன்னா தலையில வச்சிக்கப் போவுதா?"

அவர் ஸ்கேலை எடுத்தார். தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் பூவை இழுத்து வைத்து, ஸ்கேலை இரண்டு தரம் மாற்றி வைத்து அளந்தார். பதினெட்டு. முன்னால் வாங்கிப் போய்க்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, அவள் பூவையும் அளந்தார். பதினெட்டும் ஒரு நூலும். கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்டக்டர்கள், ஸ்கேல் வைத்திருந்த டீச்சர்கள், பஸ்ஸின் ஜன்னல் வழியே தலைகள். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர் எழுந்து நின்று, ஜன்னல்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பூ சரி. கப்பல்தான் தப்பு."

அவ்வளவுதான். மூன்று வருஷ வேலையை அவர் தன் வாயால் தள்ளுபடி செய்தது அந்த ஒரே மூச்சில். ஸ்கேலைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"எதிர்க்கூடையும் அளந்து பாரேன்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். திரும்பிப் பார்த்தால் குஞ்சம்மாள் கூடைமேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். "எனக்கு வியாபாரம் முடிஞ்சிச்சு நைனா," என்றாள். அவள் கை நீளமான கை. அது எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் அளப்பது என் வேலை இல்லை.

அன்று பவுனம்மாளின் கூடை எட்டு மணிக்கு முன்பே காலி. மறுநாள் சைக்கிள்காரன் வந்தான், இந்தத் தரம் இறங்கியே நின்று, கோயிலுக்கு வழக்கம்போல் வேண்டும் என்றான். "கொசுறோடவா, கொசுறு இல்லாமயா?" என்று அவனைக் கேட்டு, அவன் முழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

கப்பல்? அதை அவர் பிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, காலமானவர்கள் சுவரின் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். கீழே தன் கையெழுத்தில் ஒரு அட்டை: 'கடலூர்த் தோணி. நாற்பத்தெட்டில் ஒன்று. முழம்: பவுனம்மாள் முழம். கொசுறு சேர்க்கப்படவில்லை.' உலகத்தில் எந்தக் கண்காட்சியிலும் இவ்வளவு ஒழுங்காகத் தப்பை ஒப்புக்கொண்ட கப்பல் இருக்காது. பக்கத்தில் மேசைமேல் புது அடிமரம் ஒன்று கிடக்கிறது. சரியாக ஒரு அடி.

ஆனால் பவுனம்மாளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மாலை கொடுக்க வந்த இடத்தில் அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இன்னாய்யா எழுதி வச்சிருக்க? கொசுறு சேக்கலன்னா நான் குடுக்காத மாதிரி இருக்குது."

"குடுக்கலதான?"

"கொசுறு இல்லாம ஒருத்தர அனுப்புனது கிடையாது நான். உனக்கு முப்பத்திரெண்டு முழம் அளந்திருக்கேன், கொசுறு இல்லாம."

"ஒண்ணுதான்மே அளந்த. செவுத்துல பாரு, ஒரு கோடுதான்."

"பெருக்குனது நீதான? அப்ப முப்பத்திரெண்டு. என் கணக்குல நிக்குது."

அன்றே தீர்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒன்று. கூடை காலியாகிற நேரத்தில் மூன்று விரற்கடை மல்லியைக் கிள்ளிக்கொண்டு வந்து மேசையில் வைப்பாள். இளவழகன் அதைச் சுவர்க் கோட்டுக்குப் பக்கத்தில் அடித்த சிறிய ஆணியில் மாட்டுவார். அடுத்த ஆணி அரை இஞ்ச் தள்ளி. வரிசை நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். புதுக் கப்பலுக்கு நாரும் கீற ஆரம்பித்திருக்கிறாள். தட்டு சத்தமில்லாமல் வைக்கப்படுவதாகக் கேள்வி.

போன வாரம் போயிருந்தேன். முப்பத்திரண்டு ஆணி. காய்ந்து பழுப்பேறிய கொசுறுகள் வரிசையாக. எண்ணினேன், முப்பத்தொன்று. மேல்வரிசையில் ஒரு ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

"அது ஆடி அமாவாச," என்றார் இளவழகன், புதுப் பலகையை இழைத்துக்கொண்டே. "மலையனூர் அம்மன் கோயில் கூட்டம். ஒரு காம்பு கூட மிஞ்சல அன்னிக்கு."

"கேக்கலாமே?"

"எப்பிடி சார் கேக்கறது?"

திரும்பும்போது பஸ் நிலையத்தில் பவுனம்மாளிடம் நானே கேட்டேன். அவள் யாருக்கோ இரண்டு முழம் அளந்துகொண்டிருந்தாள். கட்டைவிரல் முழங்கையைத் தாண்டி நகர்ந்தது.

"தெரியும் சார். ஒண்ணு நிக்குது," என்றாள். கிள்ளினாள். "நிக்கட்டும்."